மருத்துவ இயற்பியல் மேற்படிப்பு: உதவித்தொகையை எங்கே தேடுவது?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி ஆண்டில் இருக்கிறேன். இதுவரை 78 சதவீதம். புற்றுநோய் மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாளராக வேலை செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை. வெளிநாட்டில் இரண்டு இடங்களில் அட்மிஷன் கிடைத்திருக்கிறது. ஒன்று, மருத்துவ இயற்பியலில் இரண்டு ஆண்டு முதுகலை. அங்கீகாரம் பெற்ற படிப்பு, ஆனால் உதவித்தொகை கிடையாது. முழுக் கட்டணமும் நாங்கள்தான் கட்ட வேண்டும். இன்னொன்று, இயற்பியல் துறையில் பிஎச்.டி. கட்டணம் இல்லை, மாதாமாதம் ஸ்டைபெண்டும் உண்டு. ஆய்வு கதிர்வீச்சு டிடெக்டர் பற்றியது. மருத்துவ இயற்பியல் படிப்பு என்ற அங்கீகாரம் அதற்கு இல்லை. ‘கையில் வருவதை விட்டுவிட்டுக் கடன் வாங்குவாயா?’ என்று அப்பா கேட்கிறார். மருத்துவ இயற்பியலுக்கென்றே ஸ்காலர்ஷிப்கள் இருக்கின்றனவா? நான் எதைத் தேர்ந்தெடுக்க?

– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அப்பா கேட்பது நியாயம்தான். அதற்குப் பதில் சொல்லாமல் ஸ்காலர்ஷிப் பட்டியல் ஒன்றை உங்களிடம் நீட்டினால் அது உங்களுக்கு உதவாது. அதனால் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் போய்ச் சேர நினைப்பது, நோயாளிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் சிகிச்சை அறைக்கு. அதற்கு மூன்று கட்டங்களைத் தாண்ட வேண்டும்: பாடப் படிப்பு, ஒரு மூத்தவரின் மேற்பார்வையில் மருத்துவமனைப் பயிற்சி, அப்புறம் தகுதித் தேர்வோ பதிவோ. நாட்டுக்கு நாடு பெயர்கள் மாறும், வரிசை பெரும்பாலும் இதுதான். சர்வதேச அணுசக்தி முகமை 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், முதுநிலைப் படிப்புக்கு மேல் குறைந்தது இரண்டு ஆண்டு முறையான மருத்துவமனைப் பயிற்சி வேண்டும் என்கிறது. உதவித்தொகை என்று நாம் தேடுவதெல்லாம் பெரும்பாலும் முதல் கட்டத்துக்கான பணம். அதைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, இரண்டாவது கட்டத்துக்கு இங்கிருந்து வழியே இல்லை என்று இரண்டு வருடம் கழித்துத் தெரிந்துகொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் யார் என்னிடம் ஸ்காலர்ஷிப் பற்றிக் கேட்டாலும், அந்தப் படிப்பு முடிந்ததும் பயிற்சியிடம் எங்கே கிடைக்கும் என்று முதலில் திருப்பிக் கேட்கிறேன்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தகுதிச் சான்று தரும் அமெரிக்க கதிரியல் வாரியம் 2012 முதல் தன் முதல் தேர்வை எழுதுவதற்கே, மருத்துவ இயற்பியல் படிப்புகளை மதிப்பிடும் கேம்பெப் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பைக் கேட்கிறது. 2014 முதல் கேம்பெப் அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சியும் வேண்டும். ரெசிடென்சி இரண்டு ஆண்டுப் பயிற்சி. சம்பளம் உண்டு. ஆனால் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. 2015 முதல் அந்த இடங்களில் பெரும்பாலானவை ‘மேட்ச்’ முறையில் நிரப்பப்படுகின்றன. விண்ணப்பிப்பவரும் மருத்துவமனையும் தத்தம் விருப்ப வரிசையைக் கொடுப்பார்கள், கணினி ஜோடி சேர்க்கும். முதுகலையோடு வருபவரும் பிஎச்.டி.யோடு வருபவரும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

சரி, பணத்துக்கு வருவோம். மருத்துவ இயற்பியலுக்கென்றே பெயர் வைத்த ஸ்காலர்ஷிப்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமான ஏஏபிஎம், வட அமெரிக்க கதிரியல் சங்கத்தோடு சேர்ந்து பிஎச்.டி.யின் முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுக்கும் ஃபெல்லோஷிப் அப்படிப்பட்ட ஒன்று. அதற்கும் கேம்பெப் அங்கீகாரம் உள்ள படிப்பில் இருக்க வேண்டும். எண்ணிக்கை மிகமிகக் குறைவு. இதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கிடைத்தால் மகிழ்ச்சி, அவ்வளவுதான்.

முதுகலைக்கு என்று பார்த்தால் நான் முதலில் சொல்வது இத்தாலியில் திரியெஸ்தே நகரில் இருக்கும் படிப்பைத்தான். அப்துஸ் சலாம் சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையமும் திரியெஸ்தே பல்கலைக்கழகமும் சேர்ந்து 2014-இல் தொடங்கியது. வளரும் நாடுகளின் இளம் பட்டதாரிகளை மனதில் வைத்து உருவான படிப்பு. முதல் ஆண்டு வகுப்பு, இரண்டாம் ஆண்டு முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. நான் மேலே சொன்ன முதல் கட்டமும் இரண்டாவது கட்டத்தின் ஒரு பகுதியும் ஒரே படிப்புக்குள் வந்துவிடுகின்றன. முழுமையாகவோ பகுதியாகவோ உதவித்தொகை பெறுபவர்களும் உண்டு, சொந்தச் செலவில் படிப்பவர்களும் உண்டு. உங்கள் இரண்டு அட்மிஷன்களில் இது இல்லை. நீங்கள் விண்ணப்பிக்காமலேயே விட்டிருந்தால் அடுத்த சுற்றில் கட்டாயம் போடுங்கள்.

அடுத்தது சர்வதேச அணுசக்தி முகமையின் மரி ஸ்க்வோதோவ்ஸ்கா-கியூரி ஃபெல்லோஷிப். 2020-இல் தொடங்கியது, பெண்களுக்கு மட்டுமானது. அணு அறிவியல் சார்ந்த துறைகளில் முதுகலை படிப்பவர்களுக்கு, கட்டணத்துக்கு ஆண்டுக்கு 10,000 யூரோ வரை, வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 10,000 யூரோ வரை, அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் தருகிறார்கள். படித்து முடித்ததும் 12 மாதம் வரை இன்டர்ன்ஷிப்புக்கும் ஏற்பாடு செய்கிறார்கள். மருத்துவத்தில் கதிர்வீச்சைப் பயன்படுத்தும் படிப்புகளும் இதில் அடங்கும். கையில் அட்மிஷன் வைத்திருக்கும் உங்களைப் போன்றவருக்கு இது நேராகப் பொருந்துகிறது. உங்கள் முதுகலையின் முழுச் செலவும் இதில் அடங்காமல் போகலாம். ஆனால் கடன் தொகை பாதியாகக் குறைந்தால்கூட அப்பாவின் கேள்விக்கு வேறு பதில் வந்துவிடும் அல்லவா?

அந்த ஃபெல்லோஷிப்புக்குப் பெயர் கொடுத்த மேரி கியூரியைப் பற்றி ஒரு சேதி. அவர் பாரிஸில் மாணவியாக இருந்தபோது கையில் காசு தீர்ந்து, படிப்பைத் தொடர முடியுமா என்ற நிலை வந்தது. 1893-இல் அலெக்சாண்ட்ரோவிச் உதவித்தொகை என்று 600 ரூபிள் கிடைத்தது. அதில்தான் அடுத்த ஆண்டு கணிதப் பட்டத்தை முடித்தார். பிறகு எஃகின் காந்தப் பண்புகளை ஆராய்ந்து கொடுத்ததற்குக் கிடைத்த முதல் வருமானத்திலிருந்து, யாரும் கேட்காமலேயே, அந்தத் தொகையைத் திருப்பிக் கட்டினார். இன்னொரு மாணவருக்கு அது போகட்டும் என்று. உதவித்தொகை விண்ணப்பம் எழுதவே கூச்சமாக இருக்கிறது என்று சொல்லும் மாணவிகளிடம் இதை நான் தவறாமல் சொல்வேன். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

இனி, பெயரில் ‘மருத்துவ இயற்பியல்’ இல்லாத பணம். உண்மையில் பெரும்பாலானோர் படித்தது இதில்தான். வட அமெரிக்காவில் பிஎச்.டி. மாணவர்களுக்கு ஆய்வு உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் என்ற பெயரில் கட்டண விலக்கும் ஸ்டைபெண்டும் கிடைக்கும். முதுகலைக்கு அது அரிது. ஆனால் அறவே இல்லை என்று நினைத்துக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். முதல் செமஸ்டர் முடிந்து மதிப்பெண் வந்ததும், மருத்துவமனையில் இயந்திரங்களின் தரப் பரிசோதனைக்கு மணிக்கணக்கில் சம்பளம் கொடுத்து மாணவர்களை எடுக்கும் துறைகள் உண்டு. அந்த வேலையில் கிடைக்கும் அனுபவம் கட்டணத்தைவிட மதிப்பானது. ஐரோப்பாவில் மரி கியூரி பெயரிலேயே இன்னொன்று இருக்கிறது: ஐரோப்பிய ஒன்றியத்தின் முனைவர் பட்ட வலையமைப்புகள். அங்கே நீங்கள் சம்பளம் வாங்கும் ஊழியராகவே சேர்வீர்கள், பொதுவாக மூன்று ஆண்டுகள். வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. பலருக்குத் தடையாகத் தெரியும் இந்த விதி, வெளியிலிருந்து வரும் உங்களுக்குச் சாதகம். ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கிலுள்ள புற்றுநோய் ஆய்வு மையத்திலும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயற்பியலில் ஊதியத்தோடு பிஎச்.டி. செய்யலாம்.

பிரிட்டனில் ஒரு வித்தியாசமான பாதை. அங்கே தேசிய சுகாதாரச் சேவையின் விஞ்ஞானி பயிற்சித் திட்டத்தில் மூன்று ஆண்டுகள் சம்பளத்தோடு மருத்துவமனைப் பயிற்சி, அதற்குள்ளேயே முதுகலைப் பட்டமும் அவர்கள் செலவில். இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை பற்றிய நிபந்தனைகளை முதலில் படித்துவிட்டு விண்ணப்பத்தில் கை வையுங்கள். பிரிட்டன் அரசு தரும் செவ்னிங் போன்ற பொது ஸ்காலர்ஷிப்களுக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். உங்களுக்கு அந்த அனுபவம் இப்போது இல்லை. இரண்டு வருடம் கழித்து யோசிக்கலாம்.

நிபந்தனை என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. முதுகலையில் எனக்கு ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகை கிடைத்தது. முதல் ஆண்டு மாதம் தவறாமல் வந்தது. இரண்டாம் ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி தொடங்கிய மாதம் நின்றுவிட்டது. ஏதோ தாமதம் என்று ஆறு வாரம் காத்திருந்தேன். கடைசியில் காரணம் தெரிந்தது. உதவித்தொகை ‘முழுநேர மாணவருக்கு’ மட்டும். பயிற்சி செமஸ்டருக்கு எங்கள் துறை போட்டிருந்த கிரெடிட் குறைவு. காலை ஏழு மணிக்கு இயந்திரப் பரிசோதனையில் தொடங்கி இரவு வரை மருத்துவமனையில் நின்ற நான், காகிதத்தில் பகுதிநேர மாணவி ஆகிவிட்டேன். துறைத் தலைவர் ஒரு கடிதம் கொடுத்ததும் பணம் திரும்பி வந்தது, விட்டுப்போன இரண்டு மாதத்துக்கு மட்டும் வரவே இல்லை. அந்த விதி அவர்கள் அனுப்பிய தாளில் முதல் நாளிலிருந்தே இருந்தது. அன்று எனக்கு அதைச் சுட்டிக்காட்ட ஆள் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்: எந்த உதவித்தொகையை ஏற்கும் முன்பும், மருத்துவமனைப் பயிற்சிக் காலத்தில் பணம் தொடருமா என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உடல்நலக் காப்பீடு அதற்குள் அடங்குமா, கோடை மாதங்களுக்கு ஸ்டைபெண்ட் உண்டா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். உதவித்தொகை தருகிறேன், முதலில் செயலாக்கக் கட்டணம் கட்டு என்று எவராவது கேட்டால் பதிலே போட வேண்டாம்.

விண்ணப்பத்தோடு வைக்கும் நோக்க அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கிறேன். பத்து அறிக்கைகளில் எட்டு, ‘சிறுவயது முதலே அறிவியலில் ஆர்வம், நெருங்கிய உறவினர் ஒருவர் புற்றுநோயால்…’ என்று தொடங்கும். அந்த வலி உண்மைதான், நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உதவித்தொகை கொடுப்பவர் அதிலிருந்து, இந்தப் பெண் சோதனைக்கூடத்தில் எப்படி நடந்துகொள்வாள் என்று தெரிந்துகொள்ள முடியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி தன் அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தாள். அதுவும் அப்படித்தான் இருந்தது. ‘பிராஜெக்டில் என்ன செய்தாய், எங்கே தவறு நடந்தது, அதைச் சொல்’ என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். லினாக் என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் தரும் டோஸை, அதாவது கதிர்வீச்சின் அளவை, அளக்கும் வேலை. தண்ணீர்த் தொட்டியில் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் அயனி அறை என்ற சின்ன அளவுகருவியை இறக்கி வைத்து அளப்போமே, அதுதான். இரண்டு நாள் சரியாக வந்த அளவு மூன்றாம் நாள் ஒரு சதவீதம் கூடுதலாக வந்தது. இயந்திரத்தில் கோளாறு என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் கணக்கை வரிவரியாகத் திரும்பப் பார்த்தாள். அயனி அறைக்குள் இருக்கும் காற்றின் அடர்த்தி வெப்பநிலையைப் பொறுத்தது, அதற்கொரு திருத்தம் போட வேண்டும். அந்தத் திருத்தத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது சுவரில் தொங்கிய தெர்மோமீட்டரின் 24 டிகிரியை. ஆனால் அன்று காலைதான் தொட்டியில் புதுத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். தண்ணீரில் விட்டுப் பார்த்தால் 21 டிகிரி. அயனி அறையின் காற்றுக் குழி தண்ணீரின் வெப்பநிலையைத்தான் பின்பற்றும். மூன்று டிகிரி வித்தியாசம் என்றால் ஏறத்தாழ ஒரு சதவீதம்! இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை.

‘இதை ஏன் எழுதவில்லை?’ என்றேன். ‘இது தப்பு நடந்த கதைதானே மேடம்’ என்றாள். இல்லவே இல்லை. நோயாளிக்குப் போய்ச் சேரும் டோஸ் ஐந்து சதவீதத்துக்குள் துல்லியமாக இருக்க வேண்டும் என்று சர்வதேச கதிர்வீச்சு அலகுகள் ஆணையம் 1976-இலேயே சொல்லியிருக்கிறது. அந்த ஐந்தில் ஒன்றை ஒரு தெர்மோமீட்டர் தின்றுவிடும் என்பதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டவள் அவள். அந்த அனுபவத்தையே முதல் பத்தியாக வைத்து அறிக்கையைத் திருப்பி எழுதினாள். முழு உதவித்தொகையோடு சேர்ந்தாள். உங்கள் எம்.எஸ்சி. பிராஜெக்டிலும் இப்படி ஒரு நாள் இருந்திருக்கும். அதைத் தேடி எடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவரைக் கேளுங்கள். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள், ஒரு வாரம் முன்பு நினைவூட்டுங்கள். 78 சதவீதம் பற்றிக் கவலை வேண்டாம். அதற்கு மேல் குழு பார்ப்பது இந்த எழுத்தையும் இந்தக் கடிதங்களையும்தான்.

இனி உங்கள் இரண்டு அட்மிஷன்கள். எனக்குத் தோன்றுவதை ஒளிக்காமல் சொல்கிறேன். வீட்டுப் பத்திரத்தை வைத்து முழுக் கடன் வாங்கி இந்த ஆண்டே முதுகலையில் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம், அந்தக் கடன் ரெசிடென்சி கிடைக்கும் என்ற நம்பிக்கை மேல் நிற்கிறது. அந்தப் படிப்பை முடித்தவர்களில் எத்தனை பேருக்குப் பயிற்சியிடம் கிடைத்தது என்று துறையைக் கேளுங்கள். கேம்பெப் அங்கீகாரம் உள்ள படிப்புகள் இந்த விவரத்தைப் பொதுவில் வெளியிட்டே ஆக வேண்டும். மற்ற நாடுகளிலும் நல்ல துறை என்றால் மறைக்காமல் சொல்லும். எண்ணிக்கை நன்றாக இருந்தால், சேர்க்கையை ஓர் ஆண்டு தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். அந்த ஓர் ஆண்டில் முகமையின் ஃபெல்லோஷிப்புக்கும் திரியெஸ்தேவுக்கும் விண்ணப்பிக்கலாம்.

பிஎச்.டி.யை ‘அங்கீகாரம் இல்லை’ என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடவும் வேண்டாம். இயற்பியலில் பிஎச்.டி. முடித்தவர்கள் மருத்துவ இயற்பியலுக்குள் வர வழி இருக்கிறது. கேம்பெப் அமைப்பே அவர்களுக்கென்று சான்றிதழ்ப் படிப்புகளை அங்கீகரிக்கிறது. டோசிமெட்ரி (கதிர்வீச்சு அளவீடு), கதிர்வீச்சுப் பாதுகாப்பு, கதிர் உயிரியல், உடற்கூறியல் போன்ற அடிப்படைப் பாடங்களை மட்டும் படித்து முடித்துவிட்டு ரெசிடென்சிக்குப் போகலாம். அதே பல்கலைக்கழகத்தில் இந்தப் பாடங்கள் இருந்து, பிஎச்.டி. நடக்கும்போதே எடுத்துக்கொள்ள உங்கள் கைடு சம்மதித்தால், பெரிய தடை போய்விடும். சம்மதத்தைச் சேர்வதற்கு முன்பே வாங்குங்கள். சேர்ந்தபின் கேட்டால் ஆய்வு வேலை கெடும் என்பார்கள். ஸ்டைபெண்ட் எந்த நிதியிலிருந்து வருகிறது, அந்த நிதி எந்த ஆண்டு முடிகிறது, அதற்குப் பிறகு யார் கொடுப்பார்கள் என்பதையும் கேளுங்கள். மூன்று ஆண்டு நிதியில் ஐந்து ஆண்டு பிஎச்.டி. செய்பவர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஆய்வகத்தில் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடமும் தனியாகப் பேசுங்கள்.

ஒரு விவரம் உங்கள் கடிதத்தில் விட்டுப்போயிருக்கிறது: அந்த டிடெக்டர் எதற்கானது? துகள் இயற்பியலுக்காகச் செய்யும் டிடெக்டர்கள் மருத்துவமனைக்கு வருவது புதிதல்ல. ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வு மையமான செர்னில் துகள்களைத் தொடரப் பிறந்த நுட்பத்திலிருந்துதான் மெடிபிக்ஸ் என்ற டிடெக்டர் சில்லு வந்தது, இன்று அதை வைத்து வண்ண சி.டி. ஸ்கேன் படம் எடுக்கிறார்கள். உங்கள் ஆய்வு சிகிச்சைக்கான புரோட்டான் கற்றையை அளப்பதாகவோ படமெடுப்பதாகவோ இருந்து, பக்கத்து மருத்துவமனையோடு கூட்டும் இருந்தால், கடனை மறந்துவிட்டுப் பிஎச்.டி.யில் சேருங்கள் என்றே சொல்வேன். நிலத்தடி நியூட்ரினோ சோதனைக்கான டிடெக்டர் என்றால் என் பதில் வேறு. கைடுக்கு இன்றே எழுதிக் கேளுங்கள். பதில் வந்ததும், சேர்க்கைக்குச் சம்மதம் சொல்ல வேண்டிய கடைசித் தேதியையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.